காசிமேட்டுப் போட்டில் ஜிபிஎஸ் பாயிண்ட் ஏற்றும் முறை: செட்டப்பிலிருந்து ரூட் வரை

போட் வார்ஃபில் கட்டியிருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை இது: பாயிண்ட் என்று சொல்லும் ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை ஜிபிஎஸ் கருவியில் ஏற்றுவது. ஐஸ் ஏற்றி, டீசல் பிடித்து, விடியலுக்கு முந்தைய இருட்டில் கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில்தான் டிரைவர் "டேய், அந்தப் பாயிண்ட்ட கொஞ்சம் போட்டு வைடா" என்பார். அந்த அவசரத்தில் தட்டிய எண்ணில் ஒரு இலக்கமாவது பிசகும். புதிதாகக் கேபினுக்குள் வரும் பையன்கள் பட்டன்களை ஒரு மணி நேரத்தில் பழகிவிடுகிறார்கள். தடுமாறுவதெல்லாம் வரிசையில்தான்: எதை முதலில் செய்வது, எதைச் சரிபார்க்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பதில்.

கார்மின் கையடக்கக் கருவியானாலும், ஃபுருனோ மாதிரி கேபினில் பொருத்திய பெரிய திரையானாலும் இந்த வரிசை மாறாது. மெனுவில் உள்ள பெயர்கள் கொஞ்சம் வேறுபடும், அவ்வளவுதான்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், உப்புத் தண்ணீர் பட்டால் மை பரவி 3 எது 8 எது என்று தெரியாமல் போகும். போனில் கால்குலேட்டர் இருக்கும், அது போதும். டேராடூனில் உள்ள தேசிய நீரியல் வரைவு அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடம் யாரிடமாவது இருந்தால் வாங்கி விரித்துக்கொள்ளுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது, உங்களுக்கே சந்தேகமில்லாத ஒரு பாயிண்ட். துறைமுக வாய்தான் அதற்கு ஏற்றது. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் வாயின் நடுவில் நீங்களே மார்க் செய்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு ஏற்றும் ஒவ்வொரு பாயிண்ட்டையும் இதை வைத்துத்தான் அளக்கப்போகிறோம். இந்த ஒன்று தப்பானால் எல்லாமே தப்பு.

2. செட்டப்: ஒரு எண்ணைக்கூடத் தட்டும் முன்

நான்கு அமைப்புகளைப் பார்க்க வேண்டும்.

முதலில் பொசிஷன் ஃபார்மட். டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று வரும் வடிவத்தில் வையுங்கள். திரையில் 13°07.500' என்று தெரிய வேண்டும். காசிமேட்டில் பெரும்பாலான டிரைவர்கள் இந்த வடிவத்தில்தான் எண்ணைச் சொல்லிக்கொள்கிறார்கள். இன்னொரு வசதியும் உண்டு. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். எண்ணைப் பார்த்தவுடன் வடக்கு தெற்கில் எத்தனை மைல் என்று மனதிலேயே போட்டுவிடலாம். தீர்க்கரேகையில் ஒரு நிமிடம் நம் பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, சுமார் 1.80 கிலோமீட்டர்.

இரண்டாவது மேப் டேட்டம், அதாவது எண்ணை எந்த அடிப்படைக் கணக்கில் அளப்பது என்பது. டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்க வேண்டும். பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற வேறு கணக்கில் போடப்பட்டவை. டேட்டம் மாறியிருக்கும்போது எண்ணைத் தட்டினால் பாயிண்ட் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) மேல் நங்கூரம் போட நினைப்பவருக்கு அது சேற்றில் போடுவதற்குச் சமம். கருவி எந்த எச்சரிக்கையும் காட்டாது என்பதால் இதைக் கண்ணால்தான் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாவது அளவுகள். தூரம் நாட்டிக்கல் மைலில், வேகம் நாட் கணக்கில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்). ஆழத்தைப் பாகத்தில் வைப்பதா மீட்டரில் வைப்பதா என்பது உங்கள் டிரைவரின் பழக்கம். ஒரு பாகம் 1.83 மீட்டர். ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரில் எது இருக்கிறதோ அதையே ஜிபிஎஸ்ஸிலும் வையுங்கள்.

நான்காவது வடக்கு எது என்ற கேள்வி. ட்ரூ (உண்மை வடக்கு), மேக்னடிக் (காந்த வடக்கு) என்று இரண்டு இருக்கும். காந்த ஊசியைப் பார்த்து ஓட்டும் போட் என்றால் மேக்னடிக் வையுங்கள். சென்னைப் பக்கம் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். ஆனால் இரண்டு டிகிரி பிசகு முப்பது மைல் ஓட்டத்தில் ஒரு மைலாகிவிடும்.

புதுக் கருவியென்றால் டெமோ மோடு ஓடுகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் பழகிப் பார்க்க அது நல்ல வசதி. அணைக்க மறந்து கடலுக்குப் போனால் திரையில் போட் பாட்டுக்கு எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

3. வந்த எண் எந்த வகை என்று கண்டுபிடிப்பது

பாயிண்ட் தப்பாவதில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் நடக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

போனில் ஒருவர் சொல்கிறார்: "பதிமூணு, பத்து, நாப்பத்தஞ்சு. எம்பது, முப்பத்திரண்டு, இருவது. போட்டுக்கோ." இந்த எண்ணுக்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். நான் கணக்குக்காகச் சொல்லும் எண் இது, மடை (மீன் பிடிக்கும் இடம்) எதுவும் அங்கே கிடையாது. துறைமுக வாயையும் கணக்குக்காக 13°07.500', 80°18.000' என்று வைத்துக்கொள்வோம்.

அவர் சொன்னது டிகிரி, நிமிடம், விநாடி என்றால் 13°10'45", 80°32'20". நம் வடிவத்தில் 13°10.750', 80°32.333'. வாயிலிருந்து சுமார் 14.3 மைல்.

அதையே நீங்கள் 13°10.450', 80°32.200' என்று தட்டினால் பாயிண்ட் சுமார் 600 மீட்டர் தள்ளி விழும். மோசமான பிழை இதுதான். தூரமும் திசையும் ஏறக்குறைய சரியாகத் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. போய் நின்று மடியை (இழுவலையை) விட்டால் வெறும் சேறு. எண் கொடுத்தவர் பொய் சொல்லிவிட்டார் என்று இரண்டு போட்டுக்காரர்களுக்குள் சண்டை வரும்.

13.1045, 80.3220 என்று முழு டிகிரி தசமத்தில் தட்டினால் பாயிண்ட் வாயிலிருந்து இரண்டு மைல்கூட இல்லாத இடத்தில் விழும். இது பெரிய பிழைதான், ஆனால் பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பதால் ஆபத்து குறைவு.

வகையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு விநாடி எண் 59ஐத் தாண்டாது. நிமிடத்தின் தசமம் 99 வரை போகும். பழைய நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதிய எண்களின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். இருபது எண்ணில் ஒன்றுகூட 59ஐத் தாண்டவில்லை என்றால் அது விநாடி. நடுவில் ஒரு 75, ஒரு 88 கண்ணில் பட்டாலும் அந்தப் பக்கம் தசமம். கடைசியில் மூன்று இலக்கம் இருந்தால் கேள்வியே இல்லை, தசமம்தான். டிகிரிக்கு அடுத்ததாகவே புள்ளி வந்து நான்கைந்து இலக்கம் நீண்டால், வாட்ஸ்அப்பிலோ போன் வரைபடத்திலோ எடுத்தது.

மாற்றும் கணக்கு எளிது. விநாடியை 60ஆல் வகுத்தால் நிமிடத்தின் தசமம்: 45ஐ வகுத்தால் 0.75. முழு டிகிரி தசமத்தில் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60ஆல் பெருக்கினால் நிமிடம்: 13.125இல் 0.125ஐப் பெருக்கினால் 7.5, ஆக 13°07.500'.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. கருவியின் ஃபார்மட்டை விநாடிக்கு மாற்றி, வந்த எண்ணை அப்படியே தட்டிச் சேமித்துவிட்டு, ஃபார்மட்டைத் திரும்பத் தசம நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். பாயிண்ட் நகராது, எண் மட்டும் மாறித் தெரியும். மாற்றிய எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளலாம். திரும்ப மாற்ற மறந்தால் அடுத்து தட்டுவதெல்லாம் கெடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் மீன்வள அறிவிப்பில் எண் டிகிரி, நிமிடம், விநாடி வடிவில் வரும். அதைப் பார்த்துத் தட்டுபவர்கள் மேலே சொன்ன 600 மீட்டர் பிழையைச் செய்வது சர்வசாதாரணம். மீன் கிடைக்க வாய்ப்புள்ள பரப்பைத்தான் அந்த அறிவிப்பு காட்டுகிறது, அதனால் பிழை தெரியாமலே போய்விடும். அதே கை நாளைக்குக் கல்லுக்கும், வலை மாட்டிக்கொள்ளும் சிக்குக்கும் அப்படியே தட்டும்.

போனில் எண் வாங்கும்போது "டிகிரி", "நிமிஷம்", "புள்ளி" என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். அவருக்கு எரிச்சல் வந்தால் வரட்டும்.

4. பெயர் வைப்பது

கருவி தானாக 001, 002 என்று பெயர் வைக்கும். விட்டுவிட்டால் ஒரே சீசனில் 140 பாயிண்ட் சேரும், எது எது என்று யாருக்கும் தெரியாது.

முதல் எழுத்து வகையைச் சொல்லட்டும். பாருக்கு ஒரு எழுத்து, சிக்குக்கு ஒரு எழுத்து, வழிப் பாயிண்ட்டுக்கு ஒரு எழுத்து. அடுத்து ஆழம், அதன் பிறகு வரிசை எண். பட்டியல் எழுத்து வரிசையில் வருவதால் சிக்கெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும். எண்ணை எப்போதும் இரண்டு இலக்கமாக எழுதுங்கள், 7 என்று போடாமல் 07 என்று. ஒற்றை இலக்கமாக விட்டால் பல கருவிகளில் 10, 7க்கு முன்னால் போய் நிற்கும்.

சாமி பெயர், பெண் பிள்ளை பெயர் வைப்பது நம்மிடம் வழக்கம்தான். மடையை அடுத்தவர் பார்வையிலிருந்து மறைக்க அது நல்ல உபாயமும்கூட. அப்படி வைப்பதானால் எந்தப் பெயர் எந்த வகை என்று நோட்டில் எழுதி வையுங்கள். டிரைவர் வேறு போட்டுக்கு மாறிப்போனால் அடுத்து வருபவருக்கு "லட்சுமி" பாரா, கப்பல் உடைந்த இடமா என்று எப்படித் தெரியும்?

சிக்குக்குப் படக்குறியும் மாற்றுங்கள், மண்டையோடோ உடைந்த கப்பலோ. பெயரைப் படிக்க நேரமில்லாதபோது கண் குறியைத்தான் பார்க்கும்.

5. தட்டிச் சேமிப்பது

முதலில் நோட்டில் எழுதுங்கள், பிறகு நோட்டைப் பார்த்துக் கருவியில் தட்டுங்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு நேராகக் கருவியில் தட்டக் கூடாது. பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். நமக்கு எப்போதும் வடக்கும் கிழக்கும், அதாவது என் மற்றும் இ. பெட்டியைப் பிரித்த புதுக் கருவியில் கிழக்குக்குப் பதில் மேற்கின் டபிள்யூ இருக்கலாம். அப்படியே சேமித்தால் உங்கள் மடை கரீபியன் கடலில், எட்டாயிரத்துச் சொச்சம் மைலில் இருக்கும்.

ஒருவர் படிக்க ஒருவர் தட்டுவது நல்லது. சேமித்த பிறகு ஆள் மாறி, தட்டியவர் திரையைப் படிக்க, மற்றவர் நோட்டைப் பார்க்கட்டும்.

6. சரிபார்ப்பு

வாய்ப் பாயிண்ட்டிலிருந்து புதுப் பாயிண்ட்டுக்கு எத்தனை மைல், எத்தனை டிகிரி? வார்ஃபில் இருந்தபடியே கோ-டூ (பாயிண்ட்டுக்கு நேர்வழி காட்டும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள், அல்லது இரண்டையும் சேர்த்து ஒரு சின்ன ரூட் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் சுமார் 14.3 மைல், 77 டிகிரி வரும், அதாவது கிழக்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்து.

எண் கொடுத்தவரிடம் கேளுங்கள்: "வாயிலேருந்து எவ்ளோ நேரம்ணா? எந்தப் பக்கம்? எத்தனை பாகம்?" ஏழு நாட் வேகத்தில் இரண்டு மணி நேரம் என்றால் 14 மைல். அவர் மூன்று மணி நேரம் என்கிறார், உங்கள் திரை 14 மைல் காட்டுகிறது என்றால் எங்கோ இடிக்கிறது. ஆழம் மூன்றாவது சாட்சி. வரைபடத்தில் அந்த இடத்தின் ஆழம் அவர் சொன்ன பாகத்துக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

இன்காய்ஸ் அறிவிப்பில் எண்ணோடு திசையும் தூரமும் ஆழமும் சேர்ந்தே வருவதால் இந்தச் சோதனை எளிது. தூரம் அங்கே கிலோமீட்டரில் இருக்கும், 1.852ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அளக்கும் கரைப்புள்ளி உங்கள் வாய்ப் பாயிண்ட் ஆகாது, கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும்.

சரிபார்த்த பாயிண்ட்டுக்கு நோட்டில் ஒரு டிக். நேரில் போய் எக்கோ சவுண்டரில் பார்த்துவிட்டு வந்த பிறகு இரண்டாவது டிக். ஒரு டிக்கூட இல்லாத பாயிண்ட்டை நம்பி இரவில் போகாதீர்கள்.

7. கடலில் மார்க் செய்யும்போது

மார்க் பட்டனை அழுத்தினால் கருவி காட்டுவது ஆன்டெனா இருக்கும் இடம். ஏழு நாட் வேகத்தில் ஓடும் போட் பத்து விநாடியில் 36 மீட்டர் போய்விடும். எக்கோவில் பார் தெரிந்ததும் மார்க்கை அழுத்திவிடுங்கள், பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பெயர் யோசிக்கும் நேரத்தில் பார் பின்னால் போயிருக்கும்.

மடி சிக்கினால் கதை வேறு. மடி போட்டுக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருக்கிறது. பொதுவாக ஆழத்தைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு வயர் விடுவார்கள். 20 பாகம் ஆழத்தில் 60 முதல் 100 பாகம் வயர், அதாவது நூறு மீட்டருக்கு மேல். போட் நின்ற இடத்தில் மார்க் செய்துவிட்டு அதைச் சிக்கு என்று வைத்தால், அடுத்த முறை அந்தக் குறியைச் சுற்றிப்போகிறேன் என்று நேராகச் சிக்கிலேயே விடுவீர்கள்.

சரியான நேரம், வின்ச்சில் வயரைச் சுற்றியபடி போட் பின்வாங்கி, வயர் செங்குத்தாக நிற்கும்போது. அப்போது சிக்கு உங்களுக்கு நேர் கீழே. அந்த நேரத்தில் டெக்கில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள், மார்க் செய்ய யாருக்கும் ஞாபகம் வராது. கேபினில் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வயர் அறுந்து அந்த வாய்ப்பே இல்லாமல் போனால், நின்ற இடம், இழுத்த திசை, விட்ட வயர் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கரைக்கு வந்து கணக்குப் போட்டு ஒரு பாயிண்ட் வைக்கலாம்.

சிக்குப் பாயிண்ட்டுக்குக் கருவியில் அருகாமை அலாரம் இருந்தால் கால் மைல் வட்டம் வையுங்கள். எல்லாப் பாயிண்ட்டுக்கும் வைத்தால் ஓயாமல் கத்தும், கடைசியில் ஒருவர் சத்தத்தையே அணைத்துவிடுவார்.

8. ரூட் போடுவது

கோ-டூ நேர்கோடு போடும். நடுவில் கல் இருக்கிறதா, கப்பல் நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது. காசிமேட்டிலிருந்து நேர்கோடு போட்டால் அது அலைத்தடுப்புச் சுவரின் மேல் ஏறிப் போகலாம். தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும். வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள், துறைமுகத்துக்குள் போகும் கப்பல் வழிகள். இவற்றையெல்லாம் சுற்றித்தான் பாயிண்ட் வைக்க வேண்டும்.

முதல் வழிப் பாயிண்ட், வாய்க்கு நேர் எதிரே கடலில் அரை மைலாவது வெளியே. இரண்டாவது, கப்பல்கள் நிற்கும் பகுதியின் ஓரத்தில். அதற்குப் பிறகு மடை. இரண்டு பாயிண்ட்டுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் திரையில் பெரிதாக்கி, முழு நீளமும் நகர்த்திப் பாருங்கள். பாயிண்ட் நல்ல இடத்தில் இருந்து கோடு கெட்ட இடத்தில் போவது அடிக்கடி நடக்கும்.

திரும்பும் வழிக்கு ரூட்டைத் தலைகீழாக்கினால் போதும். ஆனால் கடைசிப் பாயிண்ட்டை வார்ஃபில் வைக்காதீர்கள். வாய்க்கு வெளியே உள்ள பாயிண்ட்டோடு ரூட் முடியட்டும். அங்கிருந்து கண்ணாலும் விளக்குகளைப் பார்த்தும் உள்ளே வர வேண்டும். இரவில் திரையைப் பார்த்தே வாய்க்குள் நுழைபவர்கள் கல்லில் ஏறுவார்கள்.

திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களிலிருந்து ஃபைபர் போட் தள்ளுபவர்களுக்கும் இதே விதிதான். கடலரிப்புக்காகப் போட்ட கல் தடுப்புகள் கரையிலிருந்து கடலுக்குள் நீண்டிருக்கின்றன. கரையேறும் பாயிண்ட்டை அவற்றின் நுனிக்கு வெளியே, இரண்டுக்கும் நடுவே வையுங்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், அங்கே போன வருடப் பாயிண்ட் இந்த வருடம் செல்லாது.

பழவேற்காட்டுக்கு வடக்கே போகிறவர்கள், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் தடை அறிவிப்பு வரும் என்பதால், அந்தக் கடலைத் தொடாத இன்னொரு ரூட்டையும் சேமித்து வையுங்கள்.

9. ஓடும்போது

கருவி இயங்கத் தொடங்கியதும் சேட்டிலைட் பிடித்துவிட்டதா என்று பார்த்த பிறகே ரூட்டைத் தொடங்குங்கள். பல வாரம் அணைத்து வைத்திருந்தால் முதல் முறை சில நிமிடங்கள் எடுக்கும்.

பேரிங் என்பது பாயிண்ட் இருக்கும் திசை. கோர்ஸ் என்பது போட் உண்மையில் நகரும் திசை. நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும்போது இரண்டும் விலகும். பேரிங்கை மட்டும் துரத்தினால் போட் வில்லாக வளைந்து போகும், டீசலும் வீண், நடுவில் விலக்கி வைத்த சிக்கின் மேலும் போய்விடலாம். கிராஸ் ட்ராக் எண்ணைப் பாருங்கள், கோட்டிலிருந்து எவ்வளவு விலகினோம் என்று அது சொல்லும். அதைச் சிறியதாகவே வைத்துக்கொள்வதற்குக் கொஞ்சம் நீரோட்டத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பி ஓட்ட வேண்டும்.

ஆள் தவறி விழுந்தால் அழுத்தும் எம்ஓபி பட்டன் எங்கே, எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று போட்டில் இருக்கும் எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள், சமையல் செய்பவர் உட்பட. டிரைவரே விழலாம்.

10. நகல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் போட் மேலே ஏறியிருக்கும், கருவியைக் கழற்றிச் சர்வீஸுக்கும் கொடுப்பார்கள். கொடுக்கும் முன் பாயிண்ட்டுகளைக் கம்ப்யூட்டரிலோ மெமரி கார்டிலோ ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்து வையுங்கள். மாஸ்டர் ரீசெட் ஒன்று கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும், சர்வீஸ் செய்பவர் உங்களைக் கேட்டுக்கொண்டு கொடுக்கமாட்டார்.

நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்து ஓனர் வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். நோட்டில் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் பெயர், எண், வகை, ஆழம், யார் கொடுத்தது, எந்தத் தேதி, எத்தனை டிக் என்று இருக்கட்டும். இந்த இரண்டு மாதத்தில் பட்டியலை உட்கார்ந்து களையெடுங்கள். ஒரே பாரை மூன்று பெயரில் மார்க் செய்தது, டிக் விழாமலே ஒரு வருடம் கடந்தது, டெமோ மோடில் விளையாடிச் சேமித்தது எல்லாம் போகட்டும். சிக்குப் பாயிண்ட்டை மட்டும் இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் அழிக்காதீர்கள்.